அறுந்த வால்

சின்ன வயதில் அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் அறுந்த வால். ஓர் இடத்தில் உட்காராமல் எதையாவது பிரித்துப் போட்டுவிட்டு, பிரித்ததைத் திரும்ப மாட்டத் தெரியாமல் முழிக்கிற பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வைத்தவள் ஆறு வயது மூத்த அக்கா. முப்பத்தெட்டு வயதில், பல்கலைக்கழகத்துக் கட்டுப்பாட்டுப் பொறியியல் ஆய்வுக்கூடத்தில், மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் வால் மேடம். இரண்டு தரப்பும் ஒன்றோடொன்று கலந்து பேசவில்லை. மாணவர்கள் சொன்ன வால் வேறு.

வகுப்பில் நுழைந்ததும் அவள் ஒரு கேள்வி போடுவாள். "தூரத்தை ஒரு தடவை வகையிட்டா வேகம் கிடைக்கும். ரெண்டு தடவை வகையிட்டா முடுக்கம் கிடைக்கும். அரைத் தடவை வகையிட்டா என்ன கிடைக்கும்?" பிள்ளைகள் பேந்தப் பேந்த முழிப்பார்கள். அதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுத்தான் விளக்கத்துக்கு வருவாள். முழுத் தடவை வகையிட இந்த நொடியும் அதை ஒட்டிய நொடியும் தெரிந்தால் போதும். அரையோ காலோ வகையிட வேண்டுமானால், தொடக்கத்திலிருந்து நடந்தது அத்தனையும் வேண்டும். சற்று முன் நடந்ததற்கு எடை அதிகம், வெகு முன்னால் நடந்ததற்கு எடை கம்மி. ஆனால் எதன் எடையும் பூஜ்யம் ஆகாது. குறைந்துகொண்டே போகும், முடியவே முடியாது. அந்த முடியாத பகுதிக்குத்தான் வால் என்று பெயர்.

"ஸ்பிரிங்கை இழுத்து விட்டா பழைய இடத்துக்கே வந்துடும். கெட்டி எண்ணெயைத் தள்ளினா, தள்ளின இடத்துலயே நின்னுடும். மனுஷச் சதை ரெண்டுங்கெட்டான். கொஞ்சம் வரும், கொஞ்சம் வராது, பட்டதையெல்லாம் ஞாபகம் வச்சுக்கும்," என்பாள். இதைச் சொல்லும்போது அவள் முகம் உண்மையாகவே மலர்ந்துவிடும். நல்ல வாத்தியார்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏழு வருஷமாக ஒப்பந்த வேலை. வருஷத்துக்கு ஒருமுறை துறைத்தலைவர் அறைக்கு வெளியே நாற்காலியில் காத்திருந்து, அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரவேண்டும்.

அக்கா தையல்காரி. இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் கடை. கோட்டு, பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரி ஊழியர்களின் மேலங்கி என்று எப்போதும் துணி குவிந்திருக்கும். கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டு வருஷத்தில் அது வேண்டாம் என்று வந்துவிட்டவள். தங்கையோடு ஒரே வீட்டில் இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். எட்டு வருஷத்துக்கு முன் ஒருத்தி காலர் கோணல் என்று சொன்னதை, அவள் தெருவில் எதிரே வரும் ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்துகிற ரகம். கை மட்டும் தங்கம். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் தோள் தோளாக வந்து உட்காரும்.

அந்த அக்கா கடைப்படியில் வழுக்கி விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. கட்டுப் பிரித்துப் பார்த்தால் கை தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. தலை வார முடியவில்லை, கழுத்துப் பித்தானைப் போட முடியவில்லை, வெட்டுகிற மேசையில் குனிந்து துணியை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் பழக்கினால் வந்துவிடும், அவசரப்படக் கூடாது என்றார் எலும்பு டாக்டர்.

தங்கையிடம் அப்போது ஓர் இயந்திரம் தயாராக இருந்தது. விறைத்த மூட்டை மெல்ல மெல்ல மடக்கிக் கொடுக்கிற இயந்திரம். மோட்டார், கையைக் கட்டிவைக்க ஒரு தொட்டில், விசையை அளக்கிற கருவி, எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய கணக்கு. ஒன்றே ஒன்றுதான் இல்லை, விறைத்த கை. ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவளுக்கு அக்கா விழுந்தது வசதியாகப் போயிற்று. வாய்விட்டு அவள் இதைச் சொன்னதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது மனதில் முதலில் ஓடியது அதுதான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் அக்கா ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். இயந்திரம் கையை இழுக்கும், நிறுத்தும், சதை எப்படித் தளர்கிறது என்று பார்க்கும், மறுபடி இழுக்கும். ஸ்பிரிங் பூஜ்யம், எண்ணெய் ஒன்று என்றால், அக்காவின் கைக்கு வகையிடல் எண் பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று என்று தங்கை கண்டுபிடித்தாள். "என் கைக்கு மொத்தமே அவ்வளவுதானா? ஒண்ணுகூட இல்லையா?" என்றாள் அக்கா. மூன்று மாதத்தில் தொண்ணூறு, நூற்றுப் பதினெட்டு ஆயிற்று. அக்கா ஒரு சாயங்காலம் யார் துணையும் இல்லாமல் தானே கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அன்றைக்குத் தங்கை பட்ட சந்தோஷம் பொய்யில்லை.

இரண்டு விஷயம் மட்டும் தங்கை அக்காவிடம் சொல்லவில்லை.

ஒன்று, வால். முழு ஞாபகத்தையும் சுமந்துகொண்டு கணக்குப் போட இயந்திரத்துக்குள் இருந்த சின்னப் பலகைக்குத் தெம்பு இல்லை. அதனால் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தையதை அவள் அறுத்துவிட்டாள். தொழிலில் எல்லாரும் செய்வதுதான், குற்றமில்லை. தொடக்கப் பித்தானை அழுத்தும்போதோ அந்தப் பத்து நிமிஷமும் அழிந்துபோகும். கட்டியிருப்பது அன்றைக்குத்தான் முதல்முதலாக இழுக்கப்படுகிற கை என்று இயந்திரம் நம்பும். நடுவில் ஒருநாள் ஓய்வு இருந்தால் இதனால் பாதகம் ஒன்றும் இல்லை. கையேட்டின் நாலாம் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்: இரண்டு அமர்வுகளுக்கு இடையே குறைந்தது இருபத்துநாலு மணி நேரம்.

இன்னொன்று, ஸ்விட்ச். வலி தாங்காவிட்டால் அமுக்குவதற்கு அக்காவின் இடது கையில் ஒரு சிவப்பு ஸ்விட்ச் கொடுத்திருந்தார்கள். அமுக்கினால் மோட்டார் அப்படியே நிற்கும். முதல் இரண்டு வாரம் அக்கா அதைச் சும்மா சும்மா அமுக்கினாள். மோட்டார் உறுமினாலே அமுக்கினாள். ஏழு அமர்வின் அளவுகள் வீண். தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆய்வுக்கூடத்து எலக்ட்ரானிக்ஸ்காரரைக் கூப்பிட்டு, ஸ்விட்சின் கம்பியை மோட்டாரிலிருந்து எடுத்துப் பலகையில் கொடுக்கச் சொன்னாள். அன்றிலிருந்து ஸ்விட்சை அமுக்கினால் இயந்திரம் முதலில் தன் கணக்கைப் பார்க்கும். சதையின் மேல் பாரம் எல்லையைத் தாண்டியிருந்தால் நிற்கும். தாண்டவில்லை என்றால், அமுக்கியது பயத்தால் என்று எடுத்துக்கொண்டு, பதிவேட்டில் குறித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். பிறகு அக்காவும் பழகி, அமுக்குவதை விட்டுவிட்டாள். சொல்லவேண்டிய அவசியமும் போய்விட்டது.

இயந்திரத்தை வாங்கி விற்க ஒரு கம்பெனி முன்வந்தது. வியாழக்கிழமை காலை அவர்கள் முன் செய்து காட்ட வேண்டும். "இது நல்லபடியா முடிஞ்சா உன் வேலையை நிரந்தரம் பண்றது என் பொறுப்பு," என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். அவள் அதை வீட்டில் வந்து சொன்னபோது அக்கா, "அப்ப நான் நல்ல சட்டையாப் போட்டுட்டு வரணும்," என்றாள்.

பத்தேகால் மணிக்கு முதல் ஓட்டம். கம்பெனியிலிருந்து மூன்று பேர், துறைத்தலைவர், சுவரோரம் எலக்ட்ரானிக்ஸ்காரர். கை நூற்று இருபத்தொன்றுக்குப் போயிற்று. கைதட்டினார்கள். அக்கா வெட்கத்தோடு சிரித்தாள். எழுந்து போக நினைத்தபோது கம்பெனி முதலாளியம்மா வந்து சேர்ந்தாள், வழியில் நெரிசலாம். வந்தவளுக்குக் காட்டாமல் எப்படி? இரண்டாவது ஓட்டம். தொடக்கப் பித்தானை அழுத்தும்போது தங்கைக்கு நாலாம் பக்கம் ஞாபகம் வந்தது. வராமலில்லை. ஒரு தடவைதானே என்று அழுத்தினாள். நூற்று இருபத்தைந்து.

"வாய் வரைக்கும் போகுமா?" என்று கேட்டாள் முதலாளியம்மா. "நோயாளி தன் கையால வாயைத் தொடுற மாதிரி ஒரு படம் எடுத்துட்டா, அது ஒண்ணே போதும்."

துறைத்தலைவர் தங்கையைப் பார்த்தார். தங்கை திரையைப் பார்த்தாள். இரண்டு ஓட்டத்துக்குப் பிறகு விசை நன்றாகக் குறைந்திருந்தது. முன்பு இருபது காட்டிய இடத்தில் பதின்மூன்றுதான் காட்டியது. இயந்திரத்தின் பார்வையில் இது தளர்ந்த கை, இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அவள் பார்வையில் அப்படி இருக்க நியாயமில்லை. இழுத்து இழுத்துத் துவண்ட சதையும் விசையைக் கம்மியாகத்தான் காட்டும் என்று தன் கைப்பட மூன்று கட்டுரை எழுதியவள் அவள். எங்கே துவண்டிருக்கிறது, எவ்வளவு துவண்டிருக்கிறது என்பதெல்லாம் அறுத்தெறிந்த வாலில் இருந்தது.

"இன்னொரு தடவையா?" என்றாள் அக்கா.

"கடைசிதான்கா. ஒரே ஒரு தடவை."

"கை கனக்குதுடி."

"அது அப்படித்தான் இருக்கும். நான் பாத்துக்கறேன்."

நூற்றுப் பதினெட்டில் அக்கா, "போதும்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், வந்தவர்கள் எதிரில் தங்கையின் மானம் போகக் கூடாது என்று. தங்கை விருந்தாளிகள் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "அக்கா கொஞ்சம் பயந்த சுபாவம். ஊசி போடக்கூட ரெண்டு பேர் பிடிக்கணும்." எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியம்மா அக்காவைப் பார்த்துச் செல்லமாக, "அவ்வளவுதாம்மா, முடிஞ்சுது," என்றாள்.

அதன்பிறகு அக்கா வாயைத் திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இடது கை மேசைக்குக் கீழே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நூற்று முப்பத்தொன்றில் விரல்கள் உதட்டைத் தொட்டன. படம் எடுத்தார்கள். கைதட்டலுக்கு நடுவே கனத்த துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. துணி கிழிகிற சத்தம் அந்த அறையில் ஒருத்திக்குத்தான் நன்றாகத் தெரியும். அக்கா குனிந்து தன் முழங்கையைப் பார்த்தாள்.

மத்தியானத்துக்குள் கை கறுத்து வீங்கிவிட்டது. உள்ளே சதை கிழிந்து ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் எலும்பு டாக்டர். "அவசரப்படக் கூடாதுன்னு சொன்னேனே," என்றும் சொன்னார். மூன்று வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், கிழிந்த சதைக்குள் புதிதாக எலும்பு வளரத் தொடங்கியிருந்தது. உடம்பு சில சமயம் அப்படிச் செய்துவிடுமாம். கை நாற்பது டிகிரியில் நின்றுவிட்டது. தொண்ணூறுகூட இல்லை. அறுவை செய்து அந்த எலும்பை எடுக்கலாமா என்று கேட்டதற்கு, நரம்பை அது சுற்றிக்கொண்டிருக்கிறது, கைவைத்தால் விரலும் போய்விடும் என்றார்.

கை கிழிந்த அன்று சாயங்காலமே தங்கை பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டாள். மூன்றாவது ஓட்டத்தில் ஸ்விட்ச் முப்பத்தேழு தடவை அமுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் எதிரிலும் இயந்திரம் ஒரே சொல்லை எழுதியிருந்தது, அவளே சொல்லிக்கொடுத்த சொல்: பயம். பயம். பயம். கடைசிப் பதினோரு வரி இரண்டு நொடிக்கு ஒன்றாக இருந்தது. அவள் அந்தக் கோப்பை அழித்தாள். அழித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"அந்த ஸ்விட்ச் கெட்டுப் போச்சாடி?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லையே. நல்லாத்தான் இருந்துச்சு. நீ பதட்டத்துல சரியா அமுக்கியிருக்க மாட்ட."

அக்கா தன் இடது கைக் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இருக்கும்," என்றாள்.

இப்படியும் ஒருத்தி சொல்வாளா என்றால், சொன்னாள். கட்டிலின் அருகே உட்கார்ந்து, போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். பிறகு வெளியே போய்க் கழிப்பறையில் வாந்தி எடுத்தாள். வாந்தி எடுத்தாள் என்பதற்காக அவளை விட்டுவிட முடியாது.

விசாரணை ஒரு மாதம் கழித்து நடந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு மேசை, துறைத்தலைவர், எலும்பு டாக்டர், கம்பெனி ஆள் ஒருவர். ஒரே நாளில் மூன்று ஓட்டம் ஏன் என்றார் டாக்டர். வந்தவர்கள் கேட்டார்கள் என்றாள் தங்கை. கம்பெனி ஆள் தொண்டையைச் செருமினார். கேட்டவர்களையும் அனுமதித்தவரையும் அழுத்தியவளையும் விட்டால் பாக்கியிருப்பது ஒருத்திதான். துறைத்தலைவர் அக்காவிடம் திரும்பினார்.

"அம்மா, நிறுத்தற ஸ்விட்ச் உங்க கையிலதான இருந்துச்சு. ஏன் அமுக்கல?"

தங்கை அக்காவின் வாயையே பார்த்தாள். அமுக்கினேன் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், எலக்ட்ரானிக்ஸ்காரரைக் கூப்பிடுவார்கள், கம்பி எங்கே போகிறது என்று பார்ப்பார்கள், ஏழு வருஷம் அத்தோடு முடியும். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை, மடியில் மடங்காமல், மேசையைக் காட்டி நீட்டிக்கொண்டிருந்தது.

"மறந்துட்டேன்," என்றாள்.

துறைத்தலைவர் அதை எழுதிக்கொண்டார். அவருக்கும் கம்பெனி ஆளுக்கும் தங்கைக்கும் மூச்சு வந்தது. இரண்டு வாரத்தில் வேலை நிரந்தரமான உத்தரவு தங்கையின் கைக்கு வந்தது. கம்பெனி வேறொரு பெயரில் இயந்திரத்தை எடுத்துக்கொண்டது. வாயைத் தொடுகிற அந்தப் படத்தை அவர்கள் தூக்கிப் போடவில்லை.

உத்தரவை எடுத்துக்கொண்டு அவள் நேரே அக்காவின் கடைக்குப் போனாள். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அக்கா வெட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்துக் கோடு போட முயன்றுகொண்டிருந்தாள். கோடு நெளிந்து நெளிந்து போயிற்று. அதைப் பார்த்ததும் தங்கைக்குத் தாங்கவில்லை. மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். கம்பியை மாற்றியது, முப்பத்தேழு தடவை, கோப்பை அழித்தது, எல்லாவற்றையும்.

அக்கா கோட்டை முடித்தாள். "தெரியும்," என்றாள்.

"என்னக்கா?"

"எலக்ட்ரானிக்ஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மேடம் சொல்லித்தான் கம்பியை மாத்தினேன், உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்களேன்னார். ஆமா சொன்னாள்னேன். பாவம், அவருக்கு எதுக்கு வம்பு."

"தெரிஞ்சுமா மறந்துட்டேன்னு சொன்ன?"

அக்கா சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கே போறேன்கா. துறைத்தலைவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு, இதைக் கிழிச்சு எறிஞ்சுட்டு வந்துடறேன். எனக்கு இந்த வேலை வேணாம்."

"சொல்லுவ," என்றாள் அக்கா. "சொல்லி, அழுது, மூக்கைச் சிந்திட்டு வருவ. உனக்குப் பாரம் இறங்கிடும். நல்லாத் தூங்குவ. எனக்கு என்ன இறங்கும்?"

தங்கை கையிலிருந்த உத்தரவை மடித்தாள்.

"உனக்காகப் பொய் சொன்னேன்னு நினைச்சியா? ஆஸ்பத்திரில போர்வையைப் போத்திவிட்டுக்கிட்டே, நீ சரியா அமுக்கலைன்னு சொன்ன பாரு, அன்னைக்கே எனக்குத் தங்கச்சி செத்துட்டா. நீ வேலையை விட்டுட்டு வெளியூருக்குப் பொழைக்கப் போயிட்டா என் கடையை யார் நடத்துவா? என் தலையை யார் வாருவா? ஒருத்தர்கிட்டயும் நீ மூச்சு விடக் கூடாது. காலைல போய்ப் பாடம் நடத்து. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இங்க இருக்கணும்."

அவள் இடது கையால் கத்தரியை எடுத்துக் கைப்பிடிப் பக்கமாக நீட்டினாள். தங்கை வாங்கிக்கொண்டாள். கத்தரி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. துணியில் வைத்து அழுத்தியதும் கோட்டை விட்டு விலகிப் போயிற்று.

"கோணல். தூக்கிப் போட்டுட்டு வேற துணி எடு."

அவள் வேறு துணி எடுத்தாள். அதுவும் கோணல். மூன்றாவதும் கோணல். கட்டைவிரலின் அடியில் கொப்புளம் எழும்பி எரிந்தது. வாசலில் துணி வாங்க வந்த ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, தங்கைக்குத் தொழில் சொல்லித்தருகிறாயா, நல்லது என்றாள். அக்கா அவளைப் பார்த்துச் சிரித்து, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினாள்.

"எத்தனை நாளைக்குக்கா?" என்றாள் தங்கை.

"என் கை மடங்குற வரைக்கும்," என்றாள் அக்கா. "வெட்டு."